நயினார் பறிமுதல் செய்த எரு

எங்கள் கம்பெனி கேட்டில் நயினார் அண்ணனைத் தாண்டி ஒரு குண்டூசிகூட வெளியே போகாது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. ஒருநாள் சாயங்காலம் என் துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைப் பார்த்துவிட்டு, "எம்மா பிரவீனா, இது ஸ்டோர் ஊக்கா, வீட்டு ஊக்கா?" என்று கேட்டார். ரிசப்ஷனில் உட்காருகிற பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது? வந்த கோபத்தில் ஊக்கைக் கழற்றி அவர் மேசையில் போட்டுவிட்டு விறுவிறுவென்று பஸ்ஸுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில் அதை ஒரு கவரில் போட்டு, மேலே என் பெயரை எழுதி, "விசாரிச்சிட்டேன், உன் ஊக்குதான்" என்று திருப்பிக் கொடுத்தார். யாரிடம் விசாரித்தாரோ, கடவுளுக்கே வெளிச்சம்.

அவர் எங்கள் செக்யூரிட்டி சூப்பர்வைசர். ஒரகடத்தில் கார் கதவு ஓரத்தில் ஒட்டுகிற ரப்பர் பட்டை செய்யும் கம்பெனி எங்களுடையது. அவருக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். நானும் அவரும் படப்பையில் ஒரே தெருவில் குடியிருக்கிறோம், அதனால் அவருடைய சந்தேகம் எனக்கு இருபத்து நாலு மணி நேரமும் உண்டு. ஷேர் ஆட்டோவில் ஏறினால் டிரைவர் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தபடியே வருவார். தண்ணீர் கேன் வந்தால் மூடியின் சீலை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். அவர் மனைவி கனகலட்சுமி அக்கா ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "கடுகு டப்பாவத் தொறந்தாக்கூட எதுக்குத் தொறக்கன்னு கேக்காக. இருபது வருசமா தாளிக்கதுக்குத்தாம்னு சொல்லுதேன், இன்னும் நம்பல."

பிறவியிலேயே அப்படி இல்லையாம். இளவயதில் மறைமலை நகரில் ஒரு குடோனுக்குக் காவல் இருந்திருக்கிறார். ஒரே ஊர்க்காரன், ஒரே அறையில் படுத்துக் கிடந்தவன், "சாவியக் குடு, நான் பாத்துக்கிடுதேன், நீ போய்ச் சாப்ட்டு வா" என்றானாம். இவர் சாப்பிட்டுவிட்டு வந்தபோது உள்ளே இருந்த தாமிரச் சுருளும் இல்லை, ஊர்க்காரனும் இல்லை. ஸ்டேஷனில் உட்கார வைத்து இவரைத்தான் விசாரித்தார்கள். "அடிச்சதுகூட வலிக்கல பிரவீனா. அவன் எனக்காகத் தட்டுல சோறு எடுத்து மூடி வச்சிட்டுப் போயிருந்தான். அதாம் வலிச்சிது" என்று ஒருநாள் சொன்னார். அதைக் கேட்டபிறகு கொஞ்ச நாள் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பிறகு கிளியம்மாள் அக்கா விஷயம் வந்தது. கோபம் மறுபடியும் வந்துவிட்டது.

கேட்டிலிருந்து ரிசப்ஷன் வாசல்வரை இரண்டு பக்கமும் கொரியன் புல்வெளி. என் மேசையில் உட்கார்ந்தால் கண்ணாடிக்கு வெளியே முதலில் தெரிவது அதுதான். அந்தப் புல்லுக்கு நடுவில் விடாமல் தலைகாட்டுகிற களை ஒன்று உண்டு. வெட்டுக்காயப் பூண்டு. பெயர் தெரியாதவர்களும் பார்த்திருப்பார்கள். நீளமான ஒற்றைக் காம்பின் நுனியில், நடுவே மஞ்சளும் சுற்றி நாலைந்து வெள்ளை இதழுமாக ஒரு சின்னப் பூ. தரையோடு படர்கிற தண்டு. ஓரமெல்லாம் பல் பல்லாக இருக்கும் சொரசொரப்பான இலை. அடிபட்ட இடத்தில் கசக்கிப் பிழிவார்களே, அந்த இலைதான். பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதுதான் வம்பு. பூ காய்ந்ததும் ஒவ்வொரு விதையும் பஞ்சு கட்டிக்கொண்டு பறந்துவிடும். தண்டு மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் வேர் விடும். மெஷினை விட்டு மேலாக வெட்டினால் சாகாது, இன்னும் தாழப் படுத்துக்கொண்டு பூக்கும். தண்ணீர் விட்டு மண்ணை இளக்கி, பூ பஞ்சாவதற்குள், கொத்தியால் வேரோடு கெல்லி எடுக்க வேண்டும்.

அந்தக் கெல்லுகிற வேலை கிளியம்மாள் அக்காவுடையது. கம்பெனி காம்பவுண்டுக்குப் பின்னால் இருக்கிற ஊர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, புருஷன் இல்லை, மகன் தன் குடும்பத்தோடு தனியாகப் போய்விட்டான். தோட்ட வேலைக்கு வருகிற நான்கு பெண்களில் இவள்தான் மூத்தவள், வாயும் இவளுக்குத்தான் நீளம். வெற்றிலையை மென்றுகொண்டு தன் மருமகளை முணுமுணுவென்று திட்டியபடியே களை எடுப்பாள். சாயங்காலம் எடுத்த களையை ஒரு மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். அவளுடைய ஆடுகளுக்கு அதுதான் தீனி. கம்பெனிக்குக் களை போயிற்று, ஆட்டுக்கு வயிறு நிறைந்தது, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

போன தை மாதம் ஸ்கிராப் யார்டில் வேலை செய்கிற ஒருவன் அந்த மூட்டைக்குள் தாமிரக் கம்பியைச் சொருகிவிட்டான். வெளியே போனபிறகு வழியில் மூட்டையிலிருந்து உருவிக்கொள்ளலாம் என்று அவனுக்குத் திட்டம். நயினார் அண்ணன் தழைக்குள் கையை விட்டதும் தட்டுப்பட்டுவிட்டது. மறுபடியும் தாமிரம், அவருக்கு எப்படி இருந்திருக்கும்! அவனைப் பிடித்தார், அவன் ஒத்துக்கொண்டான். அக்காவுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று அண்ணனே திருமலை சாரிடம் சொன்னார். திருமலை சார் எங்கள் அட்மின் மேனேஜர். அதோடு விட்டிருக்கலாம். இனிமேல் களை மூட்டை கேட்டைத் தாண்டக் கூடாது என்று ஒரு உத்தரவையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அன்று ஷிப்ட் முடிகிற நேரம், பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. கேட்டில் அக்கா நின்றுகொண்டு கத்தினாள்.

"இன்னா சாரு இது? களைய எட்துனு போவக் கூடாதாமே? என் ஆட்டுக்கு நான் இன்னாத்தப் போடுவேன்?"

"களையோ கருவேப்பிலையோ, உள்ள உள்ளது உள்ளயே கெடக்கட்டும். பம்ப் ரூமுக்குப் பின்னால குழி வெட்டியாச்சு. அதுல போடு" என்றார் அண்ணன்.

"கொட்டிப் பாத்துக்கோயேன்! ஒவ்வொரு தழையா ஒதறிப் பாத்துக்கோ, யாரு வாணாண்றது?"

"இன்னைக்கு நான் பாப்பேன். நாளைக்கு எனக்கு லீவு. எவன் பாப்பான்?"

அக்கா மூட்டையைக் கீழே போட்டாள். புல்வெளி ஓரம் குனிந்து ஒரு பிடி மண்ணை வாரினாள். "என் ஆட்டு வாயில மண்ணப் போட்ட இல்ல? உன் புல்லு மண்ணா பூடும். நீ பாத்துக்கினே இரு!" என்று அதைத் தூற்றிவிட்டுப் போனாள். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தார்கள். மண்ணை வாரித் தூற்றினால் பலிக்கும் என்ற பயம் எங்கள் பக்கமும் உண்டு, தெற்கேயும் உண்டு. அண்ணனுக்கு முகம் செத்துப்போய்விட்டது. லீவு முடிந்து அவர் வந்த அன்று செக்யூரிட்டி ரூம் வாசலில் ஒரு எலுமிச்சம்பழம் தொங்கியது.

குழி நிறைந்துகொண்டே வந்தது. பூவும் பஞ்சுமாகப் பிடுங்கிய களை அத்தனையும் அதற்குள் கிடந்தது. ஆடி மாதம் திருமலை சாருக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு குப்பைகூட வெளியே போகாத கம்பெனி, களையையே எருவாக்கிப் புல்லுக்குப் போடுகிற கம்பெனி என்று ஹெட் ஆபீசுக்குப் போட்டோ அனுப்பினார். அரைகுறையாக மக்கியதைச் சலித்து, புல்வெளி முழுவதும் தூவச் சொன்னார். தூவுகிற வேலையும் அக்காவுக்குத்தான் வந்தது. அவள் கை ஒரே சீராகத் தூவும். ஆடுகளை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் செய்தாள்.

இரண்டு மழை பெய்தது. என் கண்ணாடிக்கு வெளியே புல்லைவிடப் பூ அதிகமாகிவிட்டது. எடுக்க எடுக்க வந்தது. ஐப்பசியில் வெளிநாட்டுக் கஸ்டமர்கள் கம்பெனியைப் பார்க்க வருகிறார்கள். புல்வெளி அப்படியே பச்சைக் கம்பளமாக இருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. திருமலை சாருக்கு ஏசியிலேயே வியர்த்தது.

இனி ஆளாளுக்குச் சந்தேகம்தான். புல் வாங்கிப் போட்ட காண்ட்ராக்டர் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று திருமலை சார் சந்தேகப்பட்டார். காண்ட்ராக்டர் பக்கத்துக் காலி மனையைக் காட்டி, விதை அங்கிருந்துதான் பறந்து வருகிறது என்றான். நான் காண்ட்ராக்டரையும் நம்பவில்லை, திருமலை சாரையும் நம்பவில்லை. அக்கா என் காதோரம் வந்து, "பாப்பா, இது அந்த நயினாரு வேலதான். அவன் ஊர்க்காரி எவளையோ என் எடத்துல வெக்கணும், அதுக்குத்தான் எதையோ கொணாந்து போட்டு வுட்டுகிறான்" என்றாள். ஐயோ, அதை நான் பாதி நம்பவும் செய்தேன்.

நயினார் அண்ணன் மட்டும் யாரிடமும் எதுவும் சொல்லாமல் கேமரா முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். ஒருநாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

"எம்மா, இங்கன வந்து பாரு. என்ன செய்யுதா பாத்தியா?"

திரையில் கிளியம்மாள் அக்கா இடுப்பில் சட்டியை வைத்துக்கொண்டு நடக்கிறாள். கையை உள்ளே விடுகிறாள், வாருகிறாள், வீசுகிறாள்.

"எரு போடுறாங்கண்ணே. ரெண்டாவது தடவை போடச் சொல்லியிருக்காரு திருமலை சார்."

"எருப் போட வாயி எதுக்கு முணுமுணுக்கணும்?"

"வெத்தலை மெல்றாங்க."

"வெத்தலைய மெல்லுதவ கேட்டப் பாத்துக்கிட்டேயா மெல்லுவா? அன்னைக்கு மண்ண வாரித் தூத்துனா. இன்னைக்கும் அதே கையி, அதே வீச்சு. இந்தச் சோலி எனக்குத் தெரியாதாக்கும்!"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அதற்குள் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். நேராகப் போய் அவள் இடுப்பிலிருந்த சட்டியைப் பிடுங்கினார். எருவுக்குள் கையை விட்டுத் துழாவினார். பஞ்சு ஒட்டிய விதைகள் கைநிறைய வந்தன. அதை ஒரு வெள்ளைக் காகிதத்தில் பரப்பி, திருமலை சார் மேசையில் கொண்டுபோய் வைத்தார். "விதைய எருவுல கலந்து தூவுதா சார். கையும் களவுமாப் புடிச்சிருக்கேன்."

திருமலை சார் அந்தக் காகிதத்தைப் பார்த்தார். எருவிலேயே விதை இருக்கலாம் என்று ஒரு நிமிடம்கூட அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வெளியே சொல்லமாட்டார், ஹெட் ஆபீசுக்குப் போட்டோ போய்விட்டது அல்லவா? "மக்கின எருவுல எப்படி விதை இருக்கும்? இவதான் கலந்திருக்கா" என்று முடித்துவிட்டார்.

அக்கா சும்மா விடவில்லை. "நான் எதுக்கு சாரு வெதைக்கணும்? வெதைச்சா, புடுங்கறதும் நான்தான! குனிஞ்சி குனிஞ்சி இடுப்பு உட்டுப் போச்சு, இதுல நானே வெதைச்சி நானே புடுங்குவனா?"

"அதாம் விசயம். புடுங்குத வேலை தீந்து போச்சின்னா ஒன்னைய எதுக்கு வச்சிருப்பாவ? அது தீராம இருக்கணும்லா?" என்றார் நயினார் அண்ணன்.

எதைச் சொன்னாலும் அதையே திருப்பிப் போட்டு மாட்டுகிற ஆளிடம் யார் வாதாடுவது? அன்று மத்தியானமே அவளை வெளியே அனுப்பினார்கள். ஷிப்ட் மாறுகிற நேரம், எல்லா பஸ்ஸும் நிற்கிறது. "கம்பெனிச் சோத்தத் தின்னுட்டு கம்பெனிக்கே களை வெதைச்சவ" என்று அண்ணன் கேட்டில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அக்காவை நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்தார். இந்தப் பக்கத்துக் கம்பெனிகளின் செக்யூரிட்டிகளெல்லாம் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறார்கள். அதில் போட்டோவைப் போட்டு, இவளை எந்தக் கேட்டிலும் விடாதீர்கள் என்று எழுதினார்.

அதுதான் பெரிய பாவம். வேலை போனால் வேறு வேலை பார்க்கலாம். ஐம்பதைத் தாண்டியவளை, படிப்பில்லாதவளை, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எடுத்துக்கொள்கிற இடம் இந்தக் கம்பெனிகளின் தோட்ட வேலையும் பெருக்குகிற வேலையும்தான். அந்தப் போட்டோ இருக்கிறவரை எதிலும் அவள் நுழைய முடியாது. ஒவ்வொரு கேட்டாகப் போயிருக்கிறாள். ஒரு கேட்டில் செக்யூரிட்டி போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "வெத வெதைக்கிற ஆயாவா நீ?" என்று சிரித்தானாம். இதைப் பஸ் ஸ்டாப்பில் என்னிடம் சொல்லும்போது அவள் அழவில்லை. குட்டிகளை விற்றுவிட்டேன் என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து நான் நயினார் அண்ணனிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன். காலையில் அவர் "எம்மா, வந்துட்டியா?" என்பார். நான் பையைத் திறந்து காட்டிவிட்டு, வாயைத் திறக்காமல் போய்விடுவேன்.

அக்கா போனபிறகும் பூ வந்தது. முன்னைவிட அதிகமாக வந்தது. வேறு யாராக இருந்தாலும் இங்கே கொஞ்சம் யோசித்திருப்பார்கள். நம் ஆள் என்ன செய்தார் தெரியுமா? மிச்சம் இருக்கிற மூன்று பெண்களும் அக்காவுக்குக் கூட்டு என்று சந்தேகப்பட்டார். அதை நிரூபிக்க ஒரு வழியும் கண்டுபிடித்தார்.

பறிமுதல் செய்த சட்டி செக்யூரிட்டி ரூமில் ஜன்னலோரம் பத்திரமாக இருந்தது. இன்னொரு சட்டியை எடுத்துக்கொண்டு பம்ப் ரூமுக்குப் பின்னால் அவரே போனார். யாரும் கை வைக்காத அடி எருவைக் குழியிலிருந்து தன் கையாலேயே அள்ளினார், தன் துண்டாலேயே மூடினார், தானே தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு சட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே பழைய கம்பிக் கூண்டு ஒன்றைக் கவிழ்த்துப் பூட்டுப் போட்டார். சாவி இடுப்புக் கயிற்றில். நான் பேசாவிட்டாலும் என் காதில் விழட்டும் என்று உரக்கச் சொன்னார்: "அது அவ தூவுன எரு. இது நான் அள்ளுன எரு. ரெண்டுக்கும் தண்ணி ஊத்துதேன். எதுல முளைக்கின்னு பாப்போம். அப்பத் தெரியும் அவளுக யோக்கியத."

இரண்டு வாரம் போயிருக்கும். ரிசப்ஷன் போன் அடித்தது. நயினார் அண்ணன்தான்.

"எம்மா, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

குரல் சரியில்லை. கோபத்தை மறந்துவிட்டு ஓடினேன். கூண்டுக்குள் இரண்டு சட்டியிலும் பச்சைப் பச்சையாகக் குத்துக் குத்தாக முளைத்திருந்தது. அவர் கையால் அள்ளிய சட்டியில்தான் நெருக்கம் அதிகம், மண்ணே தெரியவில்லை. இலை ஓரத்தில் சின்னச் சின்னப் பல். யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"பூட்டு போட்டது போட்டபடி இருக்கு. சாவி எங்கிட்டத்தான். குளிக்கும்போதுகூட அவுக்கல" என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். "எவளும் கை வைக்கல பிரவீனா. குழிக்குள்ளயே விதை கெடந்திருக்கு. களைய வெளிய விடாதன்னு சொன்னது நான். உள்ளயே போடச் சொன்னது நான். அந்தப் பொம்பள எடுத்துட்டுப் போய் ஆட்டுக்குப் போட்டுக்கிட்டு இருந்தா. நாந்தான் மறிச்சேன். அப்ப வெதைச்சது யாரு? நாந்தான."

நான் ஏதாவது சுருக்கென்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். எத்தனை நாளாக நாக்கில் வைத்திருந்தேன்! அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. ஒன்று சொல்ல வேண்டும். மனிதர் எல்லோரையும் சந்தேகப்படுவார், ஆனால் தன்னை மட்டும் விட்டுவிடமாட்டார். இந்தச் சட்டியை ராத்திரியோடு ராத்திரியாகக் குப்பையில் கொட்டியிருந்தால் யாருக்குத் தெரியும்?

திருமலை சாரிடம் போனார். சார் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார், இருந்தாலும் எனக்குக் கேட்டது. "விடுய்யா. எரு போட்டோ எங்கெல்லாமோ போயிருக்கு. கஸ்டமர் வர்ற நேரத்துல இதைக் கிளறாதே. போனவ போகட்டும்." அண்ணன் வெளியே வரவில்லை. அவர் குரல்தான் கேட்டது. "சார், எம்மேல திருட்டுப் பட்டம் கட்டி ஸ்டேசன்ல உக்கார வச்சாவ. அவன் ஓடிட்டான்னு எல்லாருக்கும் தெரிஞ்ச பொறவும் ஒருத்தன் வந்து, நயினாரு எடுக்கலன்னு சொல்லல. இன்னைக்கு வரைக்கும் சொல்லல. என் வேலை போனாலும் சரி, நான் சொல்லத்தான் செய்வேன்." வெளியே வந்து, என் மேசைக்கு எதிரில் நின்றுகொண்டே, அந்த வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார். கிளியம்மாள்மீது தப்பில்லை, தப்பு என்மீது, நான் போட்ட போட்டோவை எல்லோரும் அழித்துவிடுங்கள், இப்படிக்கு நயினார். அவ்வளவுதான். அதற்கு யாரோ கைகொட்டிச் சிரிக்கிற பொம்மையை அனுப்பினார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திருமலை சாரும் கடைசியில் இறங்கி வந்து, அக்காவைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். மனசு மாறி ஒன்றுமில்லை. களை அவ்வளவு இருந்தது, கெல்ல ஆள் வேண்டும்.

அன்று சாயங்காலமே என்னையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். வாசலில் இவரைப் பார்த்ததும் அக்கா உள்ளே போய்விட்டாள். வாங்க என்றுகூடச் சொல்லவில்லையே என்று நினைத்தேன். அவள் அரிசி டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்து மூடியைத் திறந்தாள். பிறகு துணிப் பெட்டி. பிறகு சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்த சுருக்குப் பை. எல்லாவற்றையும் திறந்து பரப்பினாள்.

"பாரு சாரு. கம்பெனி சாமான் எதுனா கீதான்னு பாக்கத்தான வந்த? நல்லாப் பாரு. பாப்பாவ வேற சாட்சிக்கு இட்டுனு வந்துகிற."

"எம்மா, அதுக்கு வரல. தப்பு எம்மேலதாம்மா. எருவுலயே விதை இருந்திருக்கு. நீ ஒண்ணும் செய்யல. மன்னிச்சுக்கிடு. திரும்ப வேலைக்கு வந்துரு."

"இன்னாது?"

"நீ ஒண்ணும் செய்யல."

"இத்த எங்க வந்து சொல்ற? என் வூட்டாண்ட, நாலு பேரு இல்லாத எடத்துல, குசுகுசுன்னு. அன்னிக்கி எங்க சொன்ன? அத்தினி பஸ்ஸு நிக்கசொல்ல, கேட்டாண்ட வெச்சி கூவுன இல்ல? அங்க வந்து சொல்லு. அப்பறம் வேலைக்கி வரேனா இல்லியான்னு நான் சொல்றேன்."

சொல்லிவிட்டு அரிசி டப்பாவை மூடினாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

மறுநாள் மத்தியானம், ஷிப்ட் மாறுகிற நேரம். உள்ளே வருகிற கூட்டமும் வெளியே போகிற கூட்டமும் கேட்டில் நெரிந்து நிற்கிறது. அக்கா ரோட்டு ஓரத்தில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கிறாள். நயினார் அண்ணன் தொப்பியைக் கழற்றினார். தொண்டையைச் செருமினார். "இந்தா நிக்காவளே கிளியம்மாள், இவிய களை வெதைச்சாவன்னு நான் இங்கன நின்னு சொன்னேன். அது பொய்யி. விதை உள்ள இருந்ததுக்குக் காரணம் நான் வாங்கிப் போட்ட உத்தரவு. எல்லாரும் கேட்டுக்கிடுங்க" என்று கத்தினார். சிலர் சிரித்தார்கள். ஒருவன் போனில் படம் பிடித்தான். ஒரு பஸ் டிரைவர் ஹாரனை அடித்தான். அக்கா கொத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

குழியை அன்றே காலி செய்து, அத்தனையையும் குப்பை டிராக்டரில் வெளியே அனுப்பினார்கள். இப்போதும் அதுதான் வழக்கம்: காலையில் தண்ணீர் விட்டு, பூ பஞ்சாவதற்குள் வேரோடு எடுத்து, எடுத்தவுடன் சாக்கில் போட்டுக் கட்டி, அன்றன்றே வெளியேற்றிவிட வேண்டும். புல்லை ஒட்ட வெட்டக் கூடாது, மொட்டை விழுந்த இடத்தில் புல்லை நட்டு அடைக்க வேண்டும். கஸ்டமர்கள் வந்தார்கள், பின் கேட் வழியாக உற்பத்தி லைனுக்குப் போய் அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள். புல்லை ஒருவரும் பார்க்கவில்லை. அது கிடக்கட்டும்.

நான் சொல்ல வந்தது, அக்கா திரும்பி வந்த அந்த முதல் நாள் சாயங்காலத்தைப் பற்றி. வேலை முடிந்து பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருத்தியும் பையை மேசையில் வைத்துத் திறந்து காட்டிவிட்டுப் போகிறாள். அக்கா முறை வந்தது. நயினார் அண்ணன் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து, தானே கேட்டைத் திறந்துவிட்டார்.

"நீ போம்மா. உன் பையப் பாக்க வேண்டாம். இனி என்னைக்குமே வேண்டாம்."

அவர் கண் கலங்கியிருந்தது. இவ்வளவு வருடத்தில் அவர் யாரிடமும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அக்கா போகவில்லை. பையை மேசையில் வைத்தாள். ஜிப்பை இழுத்துத் திறந்தாள்.

"பாரு சாரு."

"வேண்டாம்மா. அதாம் சொல்லுதேன்லா."

"இன்னிக்கி சொல்லுவ. நாளிக்கி உள்ள எதுனா ஒண்ணு காணாம பூடும். அப்ப உக்காந்து யோசிப்ப. எல்லார் பையையும் பாத்தோமே, பாக்காம வுட்டது எவ பையின்னு. என் மூஞ்சிதான் உனக்கு நெனப்பு வரும். வராதுன்னு சொல்லு பாப்போம்."

அவர் வாயைத் திறந்தார். வராது என்று சொல்லப் போகிறார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார். பொய் சொல்ல வராத மனிதர். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

வரிசை நின்றுகொண்டிருந்தது. பின்னால் யாரோ பஸ் போய்விடும் என்று சத்தம் போட்டார்கள். நயினார் அண்ணன் மேசைக்குத் திரும்பி வந்து, குனிந்து, பைக்குள் பார்த்தார். ஒரு டிபன் பாக்ஸ், வெற்றிலைப் பை, ஈரத் துண்டு. எதையும் தொடவில்லை.

"போவலாமா?" என்றாள் அக்கா.

"போலாம்மா" என்றார்.

அவள் ஜிப்பை மூடிக்கொண்டு போனாள். அவர் அடுத்த பையைப் பார்க்கக் கையை நீட்டினார்.